மாடத்து மோட்டார்

கோயிலுக்குத் தேர் உண்டு. நம் வீட்டுப் பூசை மாடத்துக்கோ மோட்டார் உண்டு! நகைக்காதீர், தோழர்களே! மெய்யாகவே உண்டு. நாலேமுக்கால் அங்குல நீளம். சக்கரம் நான்கு, அவற்றுள் ஒன்று கழன்றது. முகப்புக் கண்ணாடியிலே பழுப்பு. பக்கங்களிலே கட்டிகட்டியாய்ச் சிவப்பு வண்ணம். வண்ணம் காணாத கூரையிலே மஞ்சள், மஞ்சளின்மேல் குங்குமம், குங்குமத்தின்மேல் ஆண்டாண்டாய்ப் படிந்த கற்பூரப் புகை. பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைக் கார்தான் அது. குழந்தையின் கையில் இருந்திருந்தால் குதூகலம் தந்திருக்கும். மாடத்தில் ஏறியதால் மௌனமாகிவிட்டது. ஆண்டுக்கொருமுறை, ஆயுத பூசையன்று, அதற்கும் ஒரு முழம் பூ, ஒரு பொட்டு, ஓர் எலுமிச்சம்பழம்!

நாமோ பள்ளி ஆசிரியர். கல்லூரியிலே வரலாறு கற்றுக் கலைப் பட்டம் பெற்று, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைப்பவர். வகுப்பிலே, "ஏனென்று கேள்! எப்படியென்று கேள்! கேட்காமல் எதையும் ஏற்காதே!" என்று முழங்குகிறோம். வீட்டுக்கு வந்தால், மாடத்திலே குங்குமம் பூசிய மோட்டார் நம்மைப் பார்த்து நகைக்கிறது. எப்படி இருக்கும் நமக்கு? ஊருக்கு உரைக்கும் உபதேசம் உள்வீட்டிலே ஊமையாய்ப் போனதே என்று உள்ளம் குமையாதா?

வாதிட்டோம். ஆண்டுதோறும் வாதிட்டோம். "பாட்டி, இந்த வண்டி பெட்ரோல் குடிப்பதில்லை, பாதையிலே ஓடுவதில்லை, விபத்தே நேர முடியாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதற்கு?" என்று கேட்டோம். கேள்வி கூர்மையானதுதான். பாட்டியோ பூத் தொடுத்த கையை நிறுத்தாமலே சொன்னார்:

"உனக்கு அது வண்டி கண்ணு. எனக்கு அது உங்க தாத்தா."

அதற்குமேல் என்ன வாதிடுவது!

தாத்தா ஒரு டிரைவர். சென்னையில் ஒரு டாக்டர் வீட்டில் ஹெரால்டு கார் ஓட்டினார். வைகறையில் எழுந்து வண்டியைத் துடைப்பார். டாக்டரை மருத்துவமனையில் இறக்குவார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவார். அம்மையாரைக் கடைக்கு அழைத்துச் செல்வார். ஊரெல்லாம் ஓட்டியவர், தம் குடும்பத்தை ஒருநாளும் அதில் ஏற்றியதில்லை. கார் ஓட்டினார், காரில் போனதில்லை! ஓட்டுவதும் போவதும் ஒன்றன்று என்பதை உழைப்பவன் அறிவான்.

அந்த ஹெரால்டின் கதையும் கேட்கத் தக்கதே. 1959-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிவந்த கார் அது. டிரையம்ப் ஹெரால்டு என்பது பெயர். வடிவம் தந்தவர் இத்தாலியர், ஜியோவான்னி மிக்கெலோட்டி. உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக்கிக் கட்டும் முறை கார் உலகில் பரவிவந்த காலம் அது. ஹெரால்டுக்கோ அடியிலே தனிச் சட்டம். மேலே துண்டு துண்டாய்ச் செய்து போல்ட்டு முடுக்கிய உடல். ஏன் அப்படி? முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தரும் ஆலை அந்தக் கம்பெனிக்குக் கிட்டவில்லை. ஆகவே பல இடங்களில் செய்து பொருத்தினர். குறையிலே பிறந்தது அந்த ஏற்பாடு. அதுவே பிறகு நிறையாயிற்று. பெட்டிகளில் பாகங்களாய்க் கப்பலேற்றலாம்; கடல் கடந்த நாட்டிலே பூட்டலாம்; அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்மூடியும் இருபுற மட்கார்டுகளும் ஒருசேர முன்பக்கம் கவிழும். கவிழ்த்தால் எஞ்சின் முழுவதும் கண்முன்னே! 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும்.

அந்தக் கார்தான் 1960-களில் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனத்தில், 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவாயிற்று. 948 சி.சி. எஞ்சின். ஆண்டுக்காண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடின. தாத்தா ஓட்டியது சென்னையில் பிறந்த அந்த வண்டியைத்தான்.

சரி, பொம்மை எப்படி வந்தது? டாக்டரின் மகன் இங்கிலாந்திலே படித்துத் திரும்பியபோது, அப்பா வைத்திருக்கும் காரின் பொம்மையாயிற்றே என்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பெட்டி. ஹங்கேரி நாட்டவரான நிக்கோலஸ் கோவ் 1939-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி அது. காற்றடைத்த ரப்பர் பொம்மையும் தலைவாரும் சீப்பும் செய்து, 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு உருவைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, பிறகு கப்பலும் விமானமும் காருமாய்ச் சட்டங்களில் வார்த்து விற்ற கம்பெனி. வாங்கியவரே பாகங்களைக் கிள்ளியெடுத்துப் பசையிட்டு ஒட்ட வேண்டும். 32-இல் ஒரு பங்கு அளவில் அது வெளியிட்ட கார்களிலே ஹெரால்டும் ஒன்று.

டாக்டரின் மகன் ஒட்டினார். பக்கங்களுக்குச் சிவப்பு பூசினார். கூரைக்கு வருமுன் சலித்துவிட்டார். 1970-களில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போக இருந்த பொம்மை டிரைவர் கைக்கு வந்தது. 'உடைந்துவிடும்' என்று பிள்ளைக்குக்கூடத் தராமல் பரணில் வைத்தார் தாத்தா. அவர் மறைந்தபின், பரணிலிருந்து மாடத்துக்கு மாற்றினார் பாட்டி.

இப்போது நம் குற்றத்தைச் சொல்லவேண்டும். மறைத்தால் மனம் பொறுக்காது.

போகிக்கு முந்திய நாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க மாடம் காலியாயிற்று. பாட்டி, அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். மேசைமேல் மோட்டார். திண்ணையிலே, கதவுக்கு வண்ணம் பூச வந்தவர் வைத்துவிட்டுப் போன தின்னர் டின். பழையதைக் கழிக்கும் நாள் பக்கத்திலே; பகுத்தறிவோ பொங்கி வழிகிறது நெஞ்சிலே! கேட்கவேண்டுமா? 'பாட்டி திரும்புவதற்குள் குங்குமமும் மஞ்சளும் போக்கிப் பளிச்சென்று வைப்போம். வாதத்தால் ஆகாததைக் கைவேலையால் முடிப்போம்' என்று துணியைத் தின்னரில் நனைத்தோம். கூரையைத் தேய்த்தோம்.

முதல் தேய்ப்பிலே மஞ்சள் துணிக்கு வந்தது. ஆகா! வெற்றி! இரண்டாவது தேய்ப்பிலே கூரையின் பளபளப்பு போயிற்று. 'பழைய பிளாஸ்டிக், அப்படித்தான் இருக்கும்' என்று எண்ணினோம். மூன்றாவது தேய்ப்பிலே துணி ஒட்டிக்கொண்டது. இழுத்தோம். கூரையும் இழைஇழையாய்க் கூட வந்தது! துணியின் நெசவு கூரையிலே அச்சாய்ப் பதிந்தது. கட்டைவிரல் பட்ட இடம் பள்ளமாயிற்று. கறை நீங்கவில்லை, தோழர்களே! கறை இருந்த இடமே நீங்கிற்று!

அப்பா வந்தார், பார்த்தார். "அறுபது வருஷம் தாங்கினது. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டே. இனிமே அதைத் தொடாதே" என்றார். அவ்வளவுதான். அதட்டியிருந்தால்கூட ஆறுதலாய் இருந்திருக்கும்.

பாட்டி மறுநாள் வந்தார். உருகிய கூரையை உள்ளங்கையிலே வைத்து நெடுநேரம் பார்த்தார். அழவில்லை, ஏசவில்லை. சொன்னது இதுதான்:

"கேட்டிருக்கலாமே கண்ணு. மஞ்சக் கறைதானே? வெயில்ல வெச்சா தானா வெளுத்துப் போயிடுமே. உன் வெள்ளச் சட்டையில படுற சாம்பார்க் கறையெல்லாம் எப்படிப் போகுதுன்னு நெனச்சே?"

சாட்டையடி தோற்றது அந்தச் சொல்லிடம்! மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். எந்த நூலையும் படிக்காமல், வாழ்நாளெல்லாம் துணி துவைத்துப் பார்த்து அறிந்த உண்மை அது. மூடநம்பிக்கை என்று நாம் முத்திரை குத்தி வைத்திருந்த அதே கையிலேதான் முறையான ஆராய்ச்சியின் முடிவும் இருந்தது. நாமோ எதையும் ஆராயாமல், 'எரிக்கும் மருந்தானால் எந்தக் கறையும் போகும்' என்று நம்பினோம். நம்பினோம் என்க! அறிந்தோமில்லை. அப்படியானால் அன்று அந்த வீட்டில் மூடநம்பிக்கை யாரிடம் இருந்தது?

பள்ளியிலே இதைச் சொன்னோம். ஏனென்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர், தாம் கேட்காமல் கெட்ட கதையைச் சொல்லத்தானே வேண்டும்? எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை கார்களுக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் செய்பவர்.

"சார், தெர்மோகோல் மேல பெட்ரோல் பட்டா உருகிடுமே, அதே மாதிரிதான் சார். எங்க அப்பா எந்த வண்டியில தின்னர் வெச்சாலும், முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு தொட்டுப் பார்ப்பாரு."

மூலையில் ஒரு சொட்டு! ஆராய்ச்சிச் சாலையின் அரிச்சுவடி முழுதும் அந்த மூன்று சொற்களிலே அடங்கவில்லையா?

சிறுவன் சொன்னது சரியே. பாலிஸ்டைரீன் என்பது இந்தப் பொம்மைகளை வார்க்கும் பிளாஸ்டிக். தெர்மோகோல் என்பதும் அதுவே. நுரைக்க வைத்த உருவம், அவ்வளவுதான். நீண்ட நீண்ட சங்கிலிகளாய் அமைந்த மூலக்கூறுகள் சிக்கிப் பின்னிக் கிடப்பதால் அது உறுதியாய் நிற்கிறது. தின்னரில் உள்ள டொலுவீன் போன்ற திரவங்கள் அந்தச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து சிக்கலை அவிழ்த்துவிடும், பொருள் கூழாகும், திரவம் ஆவியானதும் மீண்டும் இறுகும். பிளாஸ்டிக் பொம்மையை ஒட்டும் பசையும் செய்வது இதைத்தான். இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து, ஒன்றோடொன்று கலக்கச் செய்து, இறுகவைக்கிறது. ஆக, ஒட்டுவதும் உருக்குவதும் ஒரே வினை, அளவிலேதான் வேறுபாடு. அளவறிந்தால் இணைப்பு, அளவு மறந்தால் அழிவு!

பாட்டியிடம் போய் நின்றோம். "சரிசெய்யப் பார்க்கிறேன் பாட்டி, இம்முறை கேட்டுத்தான் செய்வேன்" என்றோம். அப்பா மறுத்தார். பாட்டிதான் தீர்ப்பளித்தார்: "கெடுத்தவனே சரி பண்ணட்டும்."

ஞாயிறுதோறும் மொட்டைமாடி நம் பட்டறையாயிற்று. மாணவன் தன் தந்தையின் இசைவோடு வந்தான். தின்னரை மட்டும் அவன் கையில் தரவில்லை. அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு, நெருப்புக்கு விருந்து. திறந்த வெளியிலே நாமே கையாண்டோம்.

முதல் வேலை, பிரிப்பது. பழம்பசை குளிரிலே நொறுங்கும் தன்மை கொள்ளும். உருவைப் பையிலிட்டு உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்து, மெல்லிய பிளேடை இணைப்பிலே செலுத்தி, இலேசாய்த் திருகினோம். 'டக்' கென்று அடிச்சட்டம் விட்டது. பின்பக்கப் பம்பர் மட்டும் இரண்டாய் முறிந்தது. பொறுமைக்கும் ஒரு விலை உண்டு போலும்!

இரண்டாவது, சிவப்பைப் போக்குவது. எனாமல் வண்ணம் போகவேண்டும். அடியிலுள்ள பிளாஸ்டிக் நோகக்கூடாது. எதைக்கொண்டு? டெட்டால்! ஆம், காயத்துக்கு இடும் அதே டெட்டால்தான். இங்கிலாந்தின் பொம்மைக் கலைஞர்கள் நெடுங்காலமாய்க் கையாளும் முறை இது. எனினும் நாம் மூலையிலே ஒரு சொட்டு வைத்து ஓர் இரவு காத்திருந்தோம். பிளாஸ்டிக் அசையவில்லை. பிறகு நீர் கலவாத டெட்டாலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, உடலை மூழ்கவைத்து, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்க்க, சிவப்பு தோல் உரிவதுபோல் உரிந்தது. இங்கேயும் ஒரு நுட்பம். உடனே தண்ணீரில் கழுவினால் கரைந்த வண்ணம் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலாலேயே துடைத்து, எல்லாம் நீங்கியபின்தான் சோப்பும் நீரும்.

மூன்றாவது, தின்னர் படாத இடங்களில் எஞ்சிய மஞ்சள். வெயிலில் வைத்தோம். இரண்டே நாள்! வெளுத்துவிட்டது. பாட்டி மாடிப்படியில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பெரும் சொல்லாயிற்று. அதற்குமேல் வெயிலில் விடவில்லை; நெடுநாள் வெயில் பிளாஸ்டிக்கையே பழுப்பாக்கி நொறுக்கிவிடும். மருந்தாகும் வெயிலுக்கும் அளவு உண்டு.

நான்காவது, கூரையின் பள்ளம். இங்கேதான் வியப்பு! அதை நிரப்ப உதவியது எது தெரியுமா? கூரையைக் கெடுத்த அதே தின்னர்! பாட்டுத் தட்டுகள் வைக்கும் பழைய சி.டி. பெட்டியும் பாலிஸ்டைரீனே. அதை நொறுக்கிக் கண்ணாடிக் குப்பியிலிட்டுச் சிறிது தின்னர் விட்டால், ஓரிரு நாளில் தேன்போல் ஒரு குழம்பு. அதுவே பட்டி. கார்ப் பட்டறையில் பட்டி பார்ப்பதுபோல் மெல்லிய பூச்சாய் இட்டோம். நாட்கணக்கில் உலரவிட்டு மீண்டும் இட்டோம். தடித்து அப்பினால் உள்ளே ஈரம் தங்கிப் பிறகு சுருங்கும். ஐந்து பூச்சு ஆயிற்று. பிறகு உப்புத்தாள்: 400, 800, 1200 என்று எண் ஏற ஏற, நீர் தொட்டுத் தேய்த்தோம். பள்ளம் மறைந்தது. கெடுத்தது தின்னர் அன்று, நம் அறியாமை என்பது அப்போது ஐயமறத் தெரிந்தது.

முகப்புக் கண்ணாடியின் பழுப்பைப் பற்பசையால் மெருகேற்றினோம். அதை ஒட்டப் பிளாஸ்டிக் பசையைத் தொடவில்லை. அதன் ஆவி பட்டால் கண்ணாடி மங்கும். ஃபெவிகால் போதுமாயிற்று.

இத்தனையும் பழுதுபார்த்தல். அடுத்ததுதான் பெரிய வினா: எந்த நிலைக்குத் திருப்புவது?

"இருந்தபடியே செய்" என்றார் அப்பா. அவர் கோபம் சற்றே தணிந்திருந்தது. இருந்தபடி என்றால் எந்தபடி? பெட்டியில் வந்த ஆங்கிலக் காராகவா? டாக்டர் மகனின் அரைகுறைச் சிவப்பாகவா? அல்லது தாத்தா ஓட்டிய வண்டியாகவா? தாத்தாவின் புகைப்படம் ஒன்று வீட்டில் உண்டு. கருப்பு வெள்ளை. காரின் அருகே சீருடையோடு நிற்கிறார். உற்றுப் பார்த்தோம். நான்கு கதவுகள்! பொம்மைக்கோ இரண்டே கதவுகள்!

இங்கே சென்னையின் பெருமையைச் சொல்லாமல் விடலாகாது. இங்கிலாந்தின் ஹெரால்டு சலூனுக்குக் கதவு இரண்டுதான். முன்னிருக்கையை மடித்துத்தான் பின்னிருக்கைக்குப் புகவேண்டும். பெருங்குடும்பங்கள் ஏறும் நம் நாட்டுக்கு அது ஒவ்வுமா? 1960-களின் இறுதியில் சென்னையிலே நான்கு கதவு ஹெரால்டு உருவாக்கினர். இந்தியச் சந்தைக்கென்றே உருவானது. மூலக் காரிலே பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு. 1970-களின் தொடக்கத்தில் வந்த 'கெசல்' காரிலே அதை மாற்றி ஒரே அச்சாக்கினர். பயன்பட்டதை வைத்துக்கொண்டனர், நம் பாதைக்கும் நம் மக்களுக்கும் பொருந்தாததை மாற்றினர். 'வெள்ளையன் வார்த்தது வேதவாக்கு' என்று விட்டார்களா? இல்லை. 'அயலான் பொருள், உடைத்தெறி' என்றார்களா? அதுவும் இல்லை.

பொம்மை உலகிலும் இம்மரபு உண்டு. அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று வழி தந்தது: ஆலையில் வந்தபடி கட்டலாம், மனம்போல் மாற்றிக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். கட்டுபவன் கையிலே தேர்வைக் கொடுத்தது அந்தப் பெட்டி.

நாமும் தேர்ந்தோம். இரண்டு கதவு போய் நான்கு கதவு! பழைய கதவின் பின்கோட்டைக் குழம்பால் மூடினோம். புகைப்படத்திலே காரின் நீளத்தை அளந்து, கதவின் அகலத்தை அளந்து, விகிதம் கண்டு, 12 அடி 9 அங்குலக் காரை நாலேமுக்கால் அங்குலத்துக்குச் சுருக்கிக் கணக்கிட்டோம். ஒட்டுநாடாவை ஓரமாய் வைத்து, ஊசிமுனையால் புதுக்கோடு கீறினோம். கை வழுக்கிற்று. மூடினோம்; மீண்டும் கீறினோம். இடப்பக்கம் மூன்று முறை. வலப்பக்கம் இரண்டு முறை. நடுத்தூணுக்குச் சி.டி. பெட்டியிலிருந்து ஒரு கீற்று. பளபளக்கும் உலோகக் கோட்டுக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள்.

வண்ணம்? 'சாம்பல் நிறம்' என்றார் பாட்டி. கார்களுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா வாங்கினோம். அதிலும் பிளாஸ்டிக்கை உண்ணும் திரவம் உண்டல்லவா? சூடு கண்ட பூனையாயிற்றே நாம்! இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளில் அடித்துப் பார்த்தோம். வெறுங்கரண்டி வெடிப்பு வெடிப்பாயிற்று. முதலில் பிரைமரை மெல்லிய தூவலாய் இட்ட கரண்டி பிழைத்தது. கரண்டி காட்டிய வழியிலே கார் நடந்தது. மெல்லிய பூச்சாய் நான்கு.

இறுதியிலே, நம் நெஞ்சில் ஓர் ஆசை. தாத்தாவை அந்தக் காரில் ஏற்றவேண்டும்! அதுவும் எங்கே? பின்னிருக்கையில்! வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்குக் கதவு திறந்தவர், கால்மேல் கால்போட்டு அமரவேண்டும். சமத்துவத்தை இதைவிட எப்படிச் செதுக்குவது! 5 அடி 4 அங்குல மனிதர், 32-இல் ஒரு பங்கானால் இரண்டே அங்குலம். எம்-சீலைப் பிசைந்து, அமர்ந்த கோலத்தில் உருவம் செய்தோம். பாட்டியிடம் காட்டினோம், பெருமிதத்தோடு.

பாட்டி உருவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார்.

"இவரை எதுக்குக் கண்ணு பின்னால வெக்கிற? வண்டியை யாரு ஓட்டுவா? ஸ்டீயரிங்கைப் புடிச்சா அவரு ராசா மாதிரி. அவரோட கையில வண்டி ஒருநாள் உரசினதில்ல. பின்னால உட்கார்ந்துதான் பெரிய மனுசர் ஆவணுமா அவரு?"

மீண்டும் தோற்றோம், தோழர்களே! தொழில் இழிவு என்று சொன்னவனை எதிர்த்துப் பேசியவர்கள் நாம். ஆனால் தொழிலிலிருந்து விடுவித்தால்தான் பெருமை என்று நம் உள்ளத்தின் ஏதோ மூலையிலே அந்த இழிவு ஒட்டிக்கொண்டிருந்ததே! அந்தக் கறையை எந்த டெட்டாலில் ஊறவைப்பது?

"சரி பாட்டி, முன்னாலேயே வைக்கிறேன்" என்றோம்.

சற்று நேரம் சென்றது. "பக்கத்து சீட்டு காலியா இருக்கே" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

புரிந்தது. இன்னோர் உருவம் பிசைந்தோம். கொண்டை வைத்து, சேலை உடுத்தி, தாத்தாவின் அருகே அமர்த்தினோம். தாத்தா ஓட்டிய காரில் ஒருநாளும் ஏறாத பாட்டி ஏறிவிட்டார்.

ஆயுத பூசை வந்தது. கார், மாடத்தில் இல்லை. கூடத்து மேசைமேல், தாத்தாவின் புகைப்படத்தருகே நின்றது. பாட்டி தட்டோடு வந்தார். விரலிலே குங்குமம். நாம் பேசவில்லை. பேசக்கூடாது என்று கற்றிருந்தோம்.

"வெச்சா பெயிண்ட் கெட்டுடுமா?" என்று கேட்டார்.

"கெடும் பாட்டி. கீறல் விழும், கறையும் பிடிக்கும்."

விரலைத் தம் நெற்றியிலே துடைத்துக்கொண்டு, முந்தானை முனையால் காரின் கூரையில் தூசு தட்டிவிட்டுப் போனார்.

ஆண்டாண்டாய் வாதிட்டு நடவாதது அன்று நடந்தது. இதை நம் வெற்றி என்று முரசறையப் போவதில்லை. மாடத்தில் விளக்கு இன்றும் எரிகிறது. அதுபற்றிய வாதமும் தொடர்கிறது. எனினும் தோழர்களே, ஒன்று சொல்வோம். கறை போகவேண்டும்; ஐயமில்லை. போக்கக் கிளம்புமுன், கறை எது, உடல் எது என்று பார்ப்போம். எந்த மருந்து எதைத் தின்னும் என்று அறிவோம். மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பொறுத்திருப்போம். எல்லாவற்றுக்கும் முன்னே, அந்தப் பொருளோடு வாழ்ந்தவரைக் கேட்போம். பாட்டியின் கையில் எது வழக்கம், எது அறிவு என்று பிரித்தறிய மாட்டாதவன், பகுத்தறிவு என்னும் சொல்லிலே 'பகுத்து' என்பதை விட்டுவிட்டவன் அல்லவா?

அந்த மாணவன் சென்ற வாரம் வந்தான். கையிலே, உடைந்த பிளாஸ்டிக் பேருந்து ஒன்று. "சார், இதையும் பார்க்கலாமா?" என்றான்.

"பார்க்கலாம். முதலில் என்ன செய்யவேண்டும்?"

"மூலையில ஒரு சொட்டு, சார்!"